பிளாக்கன்ட் டெத் மெட்டல்: புது ஆல்பம் வந்தால் எங்கே காது கொடுப்பது?

வெள்ளிக்கிழமைதோறும் உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெளியாகின்றன. 2015 ஜூலையிலிருந்து இதுதான் வழக்கம்; அதற்கு முன் நாட்டுக்கு ஒரு கிழமை. அந்த வாராந்தரப் பட்டியலில் மெட்டல் பகுதியைப் பார்த்தால் 'பிளாக்கன்ட் டெத் மெட்டல்' என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். எனக்கு உயிரான இசை இது. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் முதல் அரை நிமிடத்திலேயே ஓடிவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

வியாசர்பாடியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், நன்றாகக் கானா பாடுவான், ஒருநாள் என் ஹெட்செட்டை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னாண்ணா இது? ஒருத்தன் கத்தினே கீறான், ஒருத்தன் தகரத்தப் போட்டுத் தட்டினே கீறான். பாட்டு எப்ப வரும்?" நியாயமான கேள்விதான். பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அது குரலில் இல்லை, டிரம்ஸின் மேல்சத்தத்திலும் இல்லை. வேறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், மிச்சத்தைக் காது தானாகப் பழகிக்கொள்ளும்.

ஒரே வரியில் சொன்னால், டெத் மெட்டலின் கனமும் பிளாக் மெட்டலின் குளிரும் ஒரே பாட்டுக்குள் இருப்பதுதான் பிளாக்கன்ட் டெத் மெட்டல். இரண்டும் சரிபாதியாகக் கலப்பதில்லை. அடித்தளம் டெத் மெட்டல். அதன் மேல் பிளாக் மெட்டலின் ஸ்வரமும் சூழலும் படிகின்றன. இது புரிய வேண்டுமானால் இரண்டையும் முதலில் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கனம் எங்கிருந்து வந்தது

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு 17 வயதில் இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. எண்ணூர், மணலிப் பக்கம் பிரஸ் மிஷினில் விரலைப் பறிகொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அயோமி இடக்கைக்காரர், கிட்டார் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். அவர் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு மூடி செய்து மாட்டிக்கொண்டார். கம்பி அறுக்காமல் இருக்கப் பின்னாளில் அதன் இறுக்கத்தையும் தளர்த்தினார். இறுக்கம் தளர்ந்தால் சுருதி இறங்கும், சத்தம் கனக்கும். 1970-ல் அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ஹெவி மெட்டல் என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அந்தக் காயம்பட்ட கையிலிருந்து கிளம்பியது.

1980-களின் நடுவில் அமெரிக்க இளைஞர்கள் அந்தக் கனத்தை இன்னும் கீழே இறக்கி, வேகத்தை ஏற்றினார்கள். 1985-ல் பொசஸ்ட் குழுவின் 'செவன் சர்ச்சஸ்', 1987-ல் டெத் குழுவின் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' வந்தன. டெத் குழுவை நடத்திய சக் ஷுல்டினர் ஃபுளோரிடாவைச் சேர்ந்தவர். அந்த மாநிலத்தின் டாம்பா நகரில் இருந்த மோரிசவுண்ட் ஸ்டூடியோவில்தான் இந்த வகையின் முக்கியமான ஆல்பங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாயின. 1989-ல் மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' அங்கேதான் உருவானது. என்னைக் கேட்டால் டெத் மெட்டல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆல்பம் கிடையாது. அதே சமயத்தில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் சன்லைட் ஸ்டூடியோ. அங்கே பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 என்ற சின்னப் பெடலின் எல்லாக் குமிழ்களையும் கடைசி வரை திருகிவிட்டு, மரம் அறுக்கும் ரம்பத்தின் இரைச்சலைக் கிட்டாரில் கொண்டுவந்தார்கள். என்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்', 1990.

டெத் மெட்டலில் காது கொடுக்க வேண்டிய இடம் கிட்டாரிஸ்டின் வலது கை, அதாவது மீட்டுகிற கை. அந்தக் கையின் அடிப்பாகம் கம்பி மேல் லேசாகப் பதிந்திருக்கும். சத்தம் நீளாமல் கட்கட்டென்று வெட்டுப்படும். இப்படி அமைகிற சின்னச் சின்ன வரிகளுக்கு ரிஃப் என்று பெயர். ஒரு பாட்டில் பத்துப் பன்னிரண்டு ரிஃப்கூட வரலாம். நாலு முறை வரும், மாறும், வேகம் திடீரென விழும், மறுபடி ஏறும். பல்லவி, அனுபல்லவி என்று தேடினால் கிடைக்காது. ரிஃப்தான் இங்கே பல்லவி.

குரல் அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல். பாடல் வரிகள் மரணம், அழுகல், போர், நரகம், நம்பிக்கை இழப்பு என்று போகும்.

குளிர் எங்கிருந்து வந்தது

இங்கிலாந்தின் வேனம் குழு 1982-ல் 'பிளாக் மெட்டல்' என்று ஒரு ஆல்பத்துக்குப் பெயர் வைத்தது. பெயர் அங்கிருந்து வந்தது. சத்தம் ஸ்வீடனின் பாத்தொரி குழுவிலிருந்து வளர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் நார்வே இளைஞர்கள் அதைத் தனி உலகமாக்கினார்கள். மேஹெம், டார்க்த்ரோன், எம்பரர் ஆகியவை அங்கிருந்து வந்த பெயர்கள்.

இங்கே வலது கை வேறு வேலை செய்யும். கம்பியை அமுக்குவதே இல்லை. ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாக விடாமல் வேகவேகமாக மீட்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு டிரெமலோ என்று பெயர். தனித்தனி மீட்டல் காதில் விழாமல் ஒரு நீண்ட இரைச்சலாகப் பரவும். அந்த இரைச்சலுக்குள் மெட்டு மெதுவாக நகரும். டிரம்ஸ் நிமிடத்துக்கு 200 துடிப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கிட்டாரின் ஸ்வரமோ நாலு நொடிக்கு ஒருமுறைதான் மாறும். புதிதாகக் கேட்கிறவர்கள் வேகத்தைப் பிடிக்கப் போய்க் களைத்துவிடுகிறார்கள். வேகத்தை விட்டுவிடுங்கள். அடியில் நகர்கிற அந்த மெதுவான மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாக் மெட்டலில் பாட்டு என்பது அதுதான். பெரும்பாலும் சோகமான மைனர் சாயலில், நம் காதுக்கு ஒப்பாரியின் இழுவை தெரிகிற மாதிரிகூட இருக்கும்.

குரல் உறுமல் இல்லை, கூர்மையான அலறல். ஒலிப்பதிவை வேண்டுமென்றே மெலிதாக, கரகரப்பாக விட்டுவிடுவார்கள். டார்க்த்ரோன் 1994-ல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' நாலே டிராக் பதிவு செய்கிற சின்ன இயந்திரத்தில் எடுக்கப்பட்டது. பணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சத்தம்தான் அவர்களுக்கு வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே உட்காரலில் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. டார்க்த்ரோனின் முதல் ஆல்பம் 'சோல்சைட் ஜர்னி', 1991. சன்லைட் ஸ்டூடியோவில் எடுத்த முழு டெத் மெட்டல். அடுத்த ஆல்பம் 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை', 1992. அதே குழு, ஒரே வருட இடைவெளி. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் கிட்டார் வெட்டுகிறது, இரண்டாவதில் பரவுகிறது. பழைய டெத் மெட்டல் ரிஃப்கள் சில இரண்டாவதிலும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். ஆனால் டார்க்த்ரோன் டெத் மெட்டலை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறிவிட்டது.

போலந்தின் பெஹிமோத் குழு போனது எதிர்த்திசையில். அங்கேதான் நம் விஷயம் தொடங்குகிறது.

கலப்பு

பால்டிக் கடலோரத்துத் துறைமுக நகரம் குடான்ஸ்க். கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் 1980-ல் வேலைநிறுத்தம் செய்து சாலிடாரிட்டி சங்கத்தைப் பிறப்பித்த ஊர். அங்கே 1991-ல் ஆடம் டார்ஸ்கி என்கிற நெர்கல், விடலைப் பையனாக இருக்கும்போதே பெஹிமோத்தைத் தொடங்கினார். 1995-ல் வந்த முதல் முழு ஆல்பம் அப்பட்டமான பிளாக் மெட்டல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரிடாவின் கனத்தை உள்ளே எடுத்தார்கள். 1999-ல் 'சாட்டானிகா' வந்தபோது ரிஃப்கள் வெட்ட ஆரம்பித்துவிட்டன. 2004-ன் 'டெமிகாட்' கிட்டத்தட்ட முழு டெத் மெட்டல் வேகம். ஆனால் பிளாக் மெட்டலின் சடங்குத்தன்மை, இருட்டு, மெட்டின் இழுவை எதையும் அவர்கள் கழற்றி வைக்கவில்லை. பழையதை விடாமல் புதியதைச் சேர்த்துக்கொண்டதால்தான் இன்று இந்த வகைக்கு முதல் உதாரணமாக எல்லோரும் பெஹிமோத்தைச் சொல்கிறார்கள்.

வழி திறந்தவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. ஸ்வீடனின் நெக்ரோஃபோபிக் 1993-லேயே 'த நாக்டர்னல் சைலன்ஸ்' ஆல்பத்தில் இரண்டையும் சேர்த்தது. டிசெக்‌ஷன் 1995-ல் 'ஸ்டார்ம் ஆஃப் த லைட்ஸ் பேன்' வெளியிட்டது. மெட்டின் அழகில் இதைத் தாண்டிய ஆல்பம் இந்த வகையில் வரவில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அமெரிக்காவின் ஏஞ்சல்கார்ப்ஸ், ஆஸ்திரியாவின் பெல்ஃபெகோர், நெதர்லாந்தின் காட் டீத்ரோன்ட், நியூ ஆர்லியன்ஸின் கோட்வோர் என்று ஆளுக்கொரு அளவில் கலந்தார்கள். அந்த அளவுதான் முக்கியம். ஏஞ்சல்கார்ப்ஸ் முக்கால்வாசி டெத். டிசெக்‌ஷன் அதற்கு நேர் எதிர். அதை மெலடிக் பிளாக் மெட்டல் என்றே பலர் சொல்வார்கள். பெயரைப் பற்றிய சண்டை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்கிறவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

சரி, ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெஹிமோத்தின் 'த சாட்டானிஸ்ட்', 2014. நெர்கலுக்கு 2010-ல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து பிழைத்து வந்தார். அதன் பிறகு வந்த முதல் ஆல்பம் இது. முதல் பாட்டு 'ப்ளோ யுவர் டிரம்பெட்ஸ் கேப்ரியல்'. இந்த வகையின் வேகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஆச்சரியப்படுவீர்கள். மெதுவாகத்தான் தொடங்குகிறது. கிட்டார் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அந்த வரியில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று லேசாக உரசும். இனிமையாக முடிய வேண்டிய இடத்தில் முடியாது. டிரம்ஸ் நின்று நின்று விழுகிறது. குரல் உறுமல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ஒருவர் மேடையேறி அறிவிப்புச் செய்கிற நிதானம். பின்பாதியில் டிரம்ஸ் திடீரென முழு வேகத்துக்குத் தாவும். அந்த நொடியில் கிட்டாரைக் கவனியுங்கள்: வெட்டிக்கொண்டிருந்த கை பரவ ஆரம்பித்திருக்கும். டெத் மெட்டல் பிளாக் மெட்டலாக மாறும் அந்த இடத்தைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் போதும், பிறகு எந்தப் புது ஆல்பத்திலும் பிடித்துவிடும். அதே ஆல்பத்தில் 'இன் தி ஆப்சன்ஸ் ஆவ் லைட்' என்ற பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, அக்கூஸ்டிக் கிட்டாரும் போலிஷ் மொழியில் பேச்சும் சாக்ஸபோனும் வரும். நோயிலிருந்து எழுந்து வந்த ஒருவருக்குத்தான் இவ்வளவு துணிச்சல் வரும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கத்தல்

நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இறந்தவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, விடிய விடிய டோலக்கும் டேப் என்கிற தோல்வாத்தியமும் வைத்து மரண கானா பாடுகிற ஊர் நம்முடையது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எங்கே போனாலும் சாவு வீட்டில் நாம் அமைதியாக இருந்ததில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததைச் சொல்லி, தொண்டை கட்டக் கட்டப் பாடுவார்கள். மறுநாள் மேளத்துக்கு ஆடாமல் பிணம் தெருமுனை தாண்டாது. அந்தச் சத்தத்தை யாரும் அநாகரிகம் என்று சொன்னால் நமக்குக் கோபம் வரும். ஏனென்றால் அது துக்கத்தின் சத்தம். டெத் மெட்டல் உறுமலையும் அதே மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். சாவைப் பற்றி மெல்லிய குரலில் பேச மறுக்கிற இசை அது. ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. கானாவில் வரி புரிந்தால்தான் பாட்டு. இங்கே வரி சத்தத்துக்குள் புதைந்துதான் வரும். ஆகவே முதல் முறை வரியைத் தேடாதீர்கள். குரலை இன்னொரு தாள வாத்தியமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இது சும்மா கத்துவதும் இல்லை. நாம் பேசப் பயன்படுத்துகிற குரல் நாண்களுக்கு மேலே போலிக் குரல் மடிப்புகள் என்று ஒரு ஜோடி இருக்கிறது. நல்ல பாடகர்கள் மூச்சின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி அந்த மடிப்புகளை அதிர வைக்கிறார்கள். அமெரிக்காவின் லோர்னா ஷோர் குழுவின் பாடகர் வில் ராமோஸ், பாடும்போது தொண்டைக்குள் கேமரா விட்டு எடுத்த காணொளி 2022-ல் வந்தது. உள்ளே சதை எப்படிச் சுருங்கி விரிகிறது என்று அதில் தெளிவாகத் தெரியும். ரீல்ஸில் அவர் குரலைக் கேட்டுத்தான் பல பையன்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். லோர்னா ஷோர் பாடுவது பிளாக்கன்ட் டெத்கோர், அதாவது பக்கத்து வீடு. ஹார்ட்கோர் பங்க் இசையின் இடிவிழுகிற பகுதிகள் அதில் அதிகம். அந்த வழியாக வந்தாலும் நல்வரவுதான். கேட்டுவிட்டு வீட்டில் அப்படியே கத்திப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தொண்டை வலித்தால் உடனே நிறுத்துங்கள். முறையாகப் பாடினால் வலிக்காது.

இன்னொன்று, எலெக்ட்ரிக் கிட்டார் நமக்கு அந்நியம் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 2018-ல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் வைத்தபோது வடசென்னைப் பிள்ளைகள்தான் முன்வரிசையில் நின்று பாடினார்கள். அதற்கு முன்பே, 2009-ல், ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் குழு ஐஐடி சாரங் விழாவில் வந்து வாசித்துவிட்டுப் போனது. அடையாறு வரை வந்த இசைக்குப் பெரம்பூர் ஒன்றும் தூரமில்லை.

சாத்தான், சாமி, சாதி

ராயபுரத்தில் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆல்பங்களின் அட்டையைப் பார்த்தாலே சங்கடமாக இருக்கும். தலைகீழ்ச் சிலுவை, ஆட்டுத் தலை, சாத்தான் பெயர். அந்தச் சங்கடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். போலந்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு அரசியலிலும் சட்டத்திலும் பெரிய பிடி உண்டு. 2007-ல் நெர்கல் மேடையில் பைபிளைக் கிழித்ததற்காக அவர் மேல் வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அவர் பாட்டில் வருகிற சாத்தான் பெரும்பாலும் அடிபணிய மறுப்பதன் பெயர். அது புரிந்தும் மனம் ஒப்பவில்லை என்றால், கேட்காமல் விடுவதில் ஒரு குறையும் இல்லை. போர், வரலாறு, தத்துவம் பாடுகிற குழுக்களும் இருக்கின்றன.

மன்னிக்க முடியாத பகுதியும் இந்த வரலாற்றில் உண்டு. நார்வேயில் 1992-ல் தேவாலயங்கள் எரிந்தன. 1993-ல் மேஹெம் கிட்டாரிஸ்ட் இன்னொரு இசைக்கலைஞரின் கையால் கொல்லப்பட்டார். டிசெக்‌ஷனின் யோன் நோட்வெய்ட் 1997-ல் நடந்த ஒரு கொலையில் பங்கு இருந்ததற்காகச் சிறை சென்றவர்; கொல்லப்பட்டவர் ஒரு தன்பாலின ஈர்ப்பாளர். மேலே அந்த ஆல்பத்தை நான் அவ்வளவு புகழ்ந்தது இதைத் தெரிந்துகொண்டுதான். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இந்த உண்மை கூடவே வரும், வரத்தான் வேண்டும். பிளாக் மெட்டலின் ஓரத்தில் வெளிப்படையாக நாஜிக் கொள்கை பாடுகிற குழுக்களும் உண்டு. அம்பேத்கர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் பார்த்து வளர்ந்தவன் நான். பிறப்பை வைத்து மனிதனைத் தரம் பிரிக்கிற பாட்டு எவ்வளவு நல்ல ரிஃப்போடு வந்தாலும் எனக்கு வேண்டாம். புதுக் குழு ஒன்று பிடித்தால் அவர்கள் யார், என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கொல்கத்தாவின் ஹீத்தன் பீஸ்ட் குழு இதற்கு நேர் எதிரான பக்கம் நிற்கிறது. உண்மைப் பெயரைச் சொல்லாமல் சார்வாகா, சாங்கியா, மீமாம்சா என்று பழைய தத்துவப் பிரிவுகளின் பெயர்களை வைத்துக்கொண்டவர்கள். மத அரசியலையும் சாதியையும் போட்டுத் தாக்குகிறார்கள். 2020-ல் வந்த அவர்களுடைய ஆல்பம் கிரைண்ட்கோர் என்கிற அதிவேக வகையின் பக்கம் சாய்ந்தது, குறுகிய, கோபமான பாட்டுகள்.

அண்மையில் வந்தவை

பெஹிமோத் 2025 மே 9 அன்று 'த ஷிட் ஆவ் காட்' வெளியிட்டது. தலைப்பு வேண்டுமென்றே சீண்டுகிறது. அதைத் தாண்டிப் போனால் 8 பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் விமான நிலையம் போய்ச் சேர்வதற்கு முன்பே முழுசாகக் கேட்டுவிடலாம். 'த சாட்டானிஸ்ட்' அளவுக்கு ஆழம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் வரிகள் நேரடியாக வந்து பதிகின்றன, ரிஃப்கள் சட்டென்று மனதில் நிற்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது.

2024 மார்ச்சில் நெக்ரோஃபோபிக்கின் 'இன் த ட்வைலைட் கிரே' வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலையைச் செய்கிற குழு. மெட்டு எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டாம், முன்னால் வந்து நிற்கும். மெலடி வழியாக உள்ளே வர விரும்புகிறவர்கள் பெஹிமோத்தை விட்டுவிட்டு இதிலிருந்தே தொடங்கலாம். அதே மாதம் வல்டிமாஸ் குழுவின் 'எபிக்'. மார்பிட் ஏஞ்சலில் பாடிய டேவிட் வின்சென்ட், மேஹெமில் கிட்டார் வாசித்த பிளாஸ்ஃபிமர், கிரிப்டாப்ஸியின் டிரம்மர் ஃப்ளோ மூனியே, மூவரும் சேர்ந்தது. டெத் மெட்டல் பள்ளியும் பிளாக் மெட்டல் பள்ளியும் ஒரே அறையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆள் சாட்சியே இருக்கிறது. அதுவும் வின்சென்ட் இதில் முக்கால்வாசி கம்பீரமாகப் பாடவே செய்கிறார். உறுமல் பிடிக்காதவர்களுக்கு வசதி.

ஜெர்மனியின் கனோனன்ஃபீபர் 2024 செப்டம்பரில் 'டி ஊர்கடாஸ்ட்ரோஃப' வெளியிட்டது. முழுக்க முழுக்க முதல் உலகப்போர். சிப்பாய்களின் கடிதங்களையும் ஆவணங்களையும் வைத்து ஜெர்மன் மொழியில் எழுதிய பாட்டுகள், போரைக் கொண்டாடாத பாட்டுகள். அந்தப் போரின் முதல் மாதங்களிலேயே, 1914 செப்டம்பரில், ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் நம் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. 'எம்டன்' என்று ஆளைச் சொல்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது. ஆக இந்த ஆல்பத்தின் பொருள் நமக்கு முற்றிலும் வெளியூர்ச் சமாச்சாரம் இல்லை.

பெல்ஃபெகோரின் 'த டெவில்ஸ்', கோட்வோரின் 'ஏஞ்சல்ஸ் ஹங் ஃப்ரம் தி ஆர்ச்சஸ் ஆஃப் ஹெவன்', இரண்டும் 2022. கோட்வோரில் ராக் அண்ட் ரோல் துள்ளல் இருக்கும், தலை தானாக ஆடும்.

புது ஆல்பங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இன்று பெரும்பாலும் டிரம்ஸ் சத்தத்தைக் கணினியில் சமப்படுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு அடியும் ஒரே அளவு, ஒரே கூர்மை. பிளாஸ்ட் பீட் என்று சொல்கிற அந்த முழுவேக அடியில் கையின் களைப்பும் உற்சாகமும் கேட்க வேண்டும். ஒரு அடி கனமாகவும் அடுத்தது கொஞ்சம் லேசாகவும் விழ வேண்டும். 1989-ன் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' ஆல்பத்தில் பீட் சாண்டோவல் அடிப்பதைக் கேட்டுவிட்டு இன்றைய ஏதாவது ஒரு பெரிய நிறுவன வெளியீட்டைப் போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். புது ஆல்பம் ஒன்றில் டிரம்ஸ் மூச்சு விடுகிறதென்றால் அந்தக் குழுவை நான் குறித்து வைத்துக்கொள்வேன்.

கேட்கும்போது சத்தத்தைக் குறைத்து வையுங்கள். இந்த இசை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. வால்யூமையும் ஏற்றினால் ரிஃப் கரைந்துபோய் இரைச்சல்தான் மிஞ்சும். சின்ன வீடு, மெல்லிய சுவர், பக்கத்தில் தூங்குகிற குழந்தை என்று இருக்கிற நம் தெருக்களில் ஹெட்செட்தான் வழி. அதில் பாதிக்குக் கீழே வைத்தாலே போதும், காதும் பிழைக்கும். முதல் தடவை கிட்டாரிஸ்டின் வலது கையை மட்டும் தொடருங்கள்: வெட்டுகிறதா, பரவுகிறதா? அடுத்த தடவை டிரம்ஸ். குரலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஆட்களைச் சொல்லாமல் விடக் கூடாது. மும்பையின் டெமானிக் ரெசரெக்‌ஷன் 2017-ல் 'தசாவதார்' என்று விஷ்ணுவின் பத்து அவதாரங்களை வைத்து ஒரு முழு ஆல்பம் செய்தது. கீபோர்டு அதிகம், பிரம்மாண்டம் பிடிக்கிறவர்களுக்கானது. சிங்கப்பூரின் ருத்ரா 1992-லிருந்து இயங்குகிறது. கதிர் பாடி பேஸ் வாசிக்கிற அந்தக் குழு, டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கலந்த அடித்தளத்தில் உபநிடதங்களையும் சமஸ்கிருத மந்திரங்களையும் வைக்கிறது. அவர்களே இதை வேதிக் மெட்டல் என்கிறார்கள். அந்த வேதாந்தத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நெர்கலின் சாத்தானோடும்தான் கிடையாது. ஆனால் 2005-ல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' ஆல்பத்தில் மந்திரத்தின் ஓட்டம் ரிஃப்பின் ஓட்டத்தோடு இறுகப் பொருந்துகிற இடங்களைக் கேட்டால், இந்த இசை எந்த ஊர் மரபையும் தாங்கும் என்பது தெரிகிறது. 2022-ல் 'எய்ட் மகாவித்யாஸ்' வந்தது.

நம் தெருவிலிருந்து டேப்பும் மரண கானாவின் இழுவையும் வைத்து ஒரு குழு வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. டிரெமலோவில் ஒப்பாரி வாசித்துப் பாருங்கள், நன்றாகப் பொருந்தும். கிட்டார் கையில் இருக்கிறவர்கள் யாராவது தொடங்கினால், வெளியிடுவதற்குப் பெரிய நிறுவனமெல்லாம் தேவையில்லை. பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு பக்கம் திறந்து ஏற்றினால் போதும். 2020-லிருந்து குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. நாம் கொடுக்கிற காசில் பெரும்பகுதி அன்றைக்கு நேராகக் குழுவுக்கே போகிறது. மேலே சொன்ன ஆல்பங்களில் ஏதாவது பிடித்து வாங்க நினைத்தாலும் அந்த நாளில் வாங்குங்கள்.